லுட்விக்கின் பசிக்குப் பத்துக் கேள்விகள்

1

இந்தக் கதை எனக்கு எங்கே கிடைத்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு யாராவது கண்டுபிடித்துச் சொன்னால் அசிங்கமாக இருக்கும்.

ஒரு சாவுச் சாப்பாட்டில் கிடைத்தது. போன பிப்ரவரியில், விபாவா என்ற ஸ்லோவேனிய ஊரில், லுட்விக் தெர்செல் என்ற மனிதரைப் புதைத்துவிட்டு நாற்பது பேர் ஓட்டலின் உள்ளறையில் வந்து உட்கார்ந்தோம். இங்கே புதைத்த கையோடு எல்லாரையும் உட்காரவைத்துச் சாப்பாடு போட்டுத்தான் அனுப்புவார்கள். மாட்டிறைச்சி சூப், வதக்கிய உருளைக்கிழங்கு, கடைசியில் வால்நட் ரொட்டி. வெளியே புர்யா காற்று ஜன்னல் கதவுகளைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு எதிரே லுட்விக்கின் மனைவி மிலோய்கா. அவள் கரண்டியைத் தொடவே இல்லை. நான் இரண்டாவது முறை சூப் வாங்கிக்கொண்டேன். அது வாயில் இருக்கும்போதுதான், இதைக் கதையாக எழுதலாமே என்று தோன்றியது. என் புத்தி அப்படிப்பட்டது.

அந்த மேசையில் மிலோய்கா ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு வந்தாள்.

"என் கெழவன் உன்கிட்ட ஏதாச்சும் சொன்னானா? சாப்பிட முடியலன்னு, வயித்துல ஏதோ பண்ணுதுன்னு?"

பக்கத்து வீட்டுக்காரர் இல்லை என்றார். லுட்விக்கின் தங்கை இல்லை என்றாள். என் முறை வந்தது.

"இல்லியே மிலோய்கா. என்கிட்ட எதுவும் சொல்லல."

(நான் சொன்னது பொய். கதை முழுக்க அதைப் பற்றித்தான் என்பதால், ஒளித்து வைத்துக் கடைசியில் உங்களைத் திடுக்கிட வைக்கும் எண்ணம் எனக்கு இல்லை.)

2

தொடக்கம், முதல் முயற்சி:

"மிலோய்காவின் மேசையில் இடது பக்கம் ஆங்கிலச் சொற்களும் வலது பக்கம் ஸ்லோவேனியச் சொற்களும் வரிசையாக, கல்யாணத்துக்குக் காத்திருக்கும் மாப்பிள்ளை பெண் மாதிரி"

வேண்டாம். அழகாக இருக்கிறது, அதனாலேயே வேண்டாம்.

இரண்டாவது முயற்சி:

"லுட்விக் தெர்செல் வேடிக்கையான மனிதர். அவர் வாயைத் திறந்தால் ஊரே"

இதுவும் பொய். முதல் வரைவில் அவரை ஒரு நகைச்சுவைக்காரராக எழுதி வைத்திருந்தேன். சிரிக்க வைக்கிற ஆள் செத்தால் வாசகருக்கு அழுகை சுலபமாக வரும் என்று ஒரு கணக்கு. உண்மையில் அவர் அதிகம் பேசாதவர். முப்பத்தெட்டு வருஷம் நெடுஞ்சாலையில் வேலை. லாரியையே கவிழ்க்கிற அளவுக்குப் புர்யா அடித்தால், வண்டிகளை மறித்துத் திருப்பி அனுப்புவது அவர் வேலை. கையைக் காட்டியே பேசிப் பழகியவர்.

மூன்றாவது முயற்சி வெறும் தகவல். அதையே வைத்துக்கொள்கிறேன்.

நான் இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாக இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிறேன். அங்கயற்கண்ணி என்ற என் பெயரை இவர்கள் முதல் வாரத்திலேயே ஆன்கா என்று நறுக்கிவிட்டார்கள். மிலோய்கா மொழிபெயர்ப்பாளர். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதம், தையல் மெஷின் கையேடு, இப்படி யாரும் படிக்காததையெல்லாம் மொழிபெயர்த்தே தலை நரைத்தவள். போன வருஷம் ஆகஸ்டு கடைசியில் அவளுக்கு ஒரு பெரிய வேலை வந்தது. வயதான நோயாளிகளின் பசியை அளக்கப் பத்துக் கேள்விகள். ஆங்கிலத்தில் இருந்ததை ஸ்லோவேனியத்தில் ஆக்க வேண்டும். ஆஸ்பத்திரிகளில் பயன்படுத்துவார்கள்.

இந்தத் தொழிலில் ஒரு முறை உண்டு. ஒருவர் மொழிபெயர்ப்பார். மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவார். எங்கே நழுவியது என்று தெரிந்துவிடும். பிறகு அறுபது வயது தாண்டிய ஐந்து பேரிடம் கேள்விகளைக் கேட்டுப் பார்ப்பார்கள். முதல் வேலை மிலோய்காவுக்கு. திருப்பிக் கொண்டுபோகும் வேலையும் கடைசி அறிக்கையும் எனக்கு.

அவள் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, ஒரு மனிதன் உண்மையிலேயே உட்கார்ந்து படிக்கப் போகிற எழுத்து. அதனால் பைத்தியம் பிடித்ததுபோல் உழைத்தாள்.

3

ஆங்கிலத்துக்குப் பசியில் ஏகப்பட்ட படிகள். 'ராவனஸ்' என்றால் கொலைப்பசி, அதற்கு இங்கே 'ஓநாய்ப் பசி' இருக்கிறது, சிக்கல் இல்லை. 'அப்பெடைட்' என்பதற்குத் 'தேக்', சாப்பிட உட்காரும்போது ஒருவரையொருவர் வாழ்த்திக்கொள்கிற சொல், அதுவும் சரி. 'பெக்கிஷ்' என்று ஒன்று வந்தது. பெரிய பசி இல்லை, ஆனால் யாராவது கொடுத்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டோம், அந்தப் பதம்.

மிலோய்கா போனில் கத்தினாள் (மூலம் என் காதில் விழவே கூடாது, நாங்கள் முதலில் மீறிய விதி அதுதான்). "எங்க ஊர்ல ஒண்ணு பசிக்கும், இல்ல பசிக்காது. நடுவுல நின்னுக்கிட்டு கொறிக்கிறதெல்லாம் இங்கிலீஷ்காரன் பண்ற வேலை!"

[ஓரக் குறிப்பு: அந்த நடுப்படியில் நிற்கிற ஒருத்தி இந்தக் கதையில் இருக்கிறாள். ஏழாம் பகுதியில் வருவாள்.]

ஆறாவது கேள்விதான் அவளைக் கொன்றது. சாப்பாடு உங்களை ஈர்க்காமல் போய்விட்டதா என்கிற மாதிரி ஆங்கிலம். அவள் போட்டதையெல்லாம் அவளே அடித்தாள். "சாப்பாடு என்னை இழுக்குதான்னா? சாப்பாடு என்ன கயித்தைப் பிடிச்சு இழுக்கிற மாட்டுக்காரனா?" மூன்று நாள் இதே புலம்பல்.

இனி வருவதை நான் நேரில் பார்க்கவில்லை. மிலோய்கா அன்றைக்கே போனில் சொன்னது. நான் எதையும் சேர்க்கவில்லை. (இரண்டு இடத்தில் சேர்த்தேன், பிறகு எடுத்துவிட்டேன்.)

செப்டம்பர் கடைசி, புதன்கிழமை, மத்தியானம். யோட்டா வைத்திருந்தாள். புளித்த முட்டைக்கோஸும் பீன்ஸும் போட்ட கெட்டியான சூப், லுட்விக் மூன்று தட்டு சாப்பிடுகிற வஸ்து. அவள் மனசு ஆறாவது கேள்வியிலேயே இருந்தது. லுட்விக் இரண்டு கரண்டி சாப்பிட்டார். தட்டை இரண்டு விரலால் கொஞ்சம் தள்ளினார்.

"எனக்கு மணக்கல, மிலோய்கா."

இங்கே சாப்பாடு வேண்டியிருக்கவில்லை என்றால் அப்படித்தான் சொல்வார்கள். மூக்குக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நாம் 'இறங்கல' என்பதுபோல.

மிலோய்கா நிமிர்ந்தாள். "என்ன சொன்ன?"

"மணக்கலன்னேன். கொஞ்ச நாளாவே"

"இரு இரு! அப்படியே இன்னொரு தரம் சொல்லு!"

எழுந்து ஓடினாள். பென்சில் கிடைத்தது, காகிதம் கிடைக்கவில்லை. ரொட்டி வாங்கி வந்த பையில் எழுதினாள். 'சாப்பாடு உங்களுக்கு மணக்காமல் போய்விட்டதா?' உரக்க வாசித்துப் பார்த்தாள். அவ்வளவுதான், இதற்கு மேல் ஒரு சொல் தேவையில்லை. திரும்பி வந்து லுட்விக்கின் நெற்றியில் முத்தம் கொடுத்தாள்.

"கெழவா, நீ தங்கம்! மூணு நாளா இதைத்தான் தேடிட்டிருந்தேன், நீ ஒரு தட்டு யோட்டாவுல எடுத்துக் குடுத்துட்ட!"

லுட்விக் கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்தாராம். பிறகு தட்டைத் தன் பக்கம் இழுத்து, ஒரு சொட்டு விடாமல் சாப்பிட்டு முடித்தாராம். இதை மிலோய்கா பெருமையாகச் சொன்னாள். நான் போனில் கைதட்டினேன். நல்ல மொழிபெயர்ப்பு ஒன்றைக் கேட்டால் எனக்குக் கை தானாகவே தட்டும்.

'கொஞ்ச நாளாவே' என்பதற்குப் பிறகு அவர் என்ன சொல்ல வந்தார் என்று நாங்கள் இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.

4

ஐந்து பேரிடம் கேட்டுப் பார்க்க வேண்டும் என்றேன் அல்லவா. நான்கு பேர் கிடைத்தார்கள். ஐந்தாவதாக வர ஒப்புக்கொண்ட பெண்மணி, மகளுக்குப் பிரசவம் என்று த்ரியெஸ்தேவுக்கு ரயில் ஏறிவிட்டாள். வெள்ளிக்கிழமைக்குள் காகிதம் போயாக வேண்டும். சொந்த வீட்டு ஆளிடம் கேட்கக் கூடாது என்பது விதி. விதி எதற்காக என்று மிலோய்காவுக்கு நன்றாகவே தெரியும், பத்துப் பேருக்கு வகுப்பெடுத்திருக்கிறாள். இருந்தாலும் ஒரு ஆள்தானே என்று நினைத்தாள். சமையலறையிலேயே லுட்விக்கை உட்காரவைத்தாள். அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு கையில் காகிதமும் பேனாவும், ஒரு கையில் மரக்கரண்டி.

"கேள்வி ஒண்ணு. உங்க பசி எப்படி இருக்கு? ரொம்ப மோசம், மோசம், சுமார், நல்லாருக்கு, ரொம்ப நல்லாருக்கு."

"'உங்க'ளா? என்னிக்கிலேருந்து இந்த மரியாதை?"

"வெளையாடாத. இது வேலை. சொல்லு."

லுட்விக் அடுப்பைப் பார்த்தார். "ரொம்ப நல்லாருக்கு."

"கேள்வி ஆறு. உன்னோடது, ஞாபகம் இருக்கா? சாப்பாடு உங்களுக்கு மணக்காம போயிருச்சா?"

"இல்ல. மணக்குது."

பத்துக்கும் பத்து, கடைசிக் கட்டத்திலேயே பேனா விழுந்தது. முடிவில் இன்னொரு கேள்வி உண்டு. பசி என்ற சொல்லை நீங்கள் எப்படிப் புரிந்துகொண்டீர்கள், உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்.

"நீ வான்னு கூப்பிடுவ. நான் வந்து உக்காருவேன். அதான் பசி."

இந்த ஊரில் சமைத்தவள் எதிரே நின்று கேட்டால் வேறு பதில் கிடையாது. சாப்பாட்டைக் குறை சொல்வது சமைத்தவளையே சொல்வது மாதிரி. நாற்பத்தொரு வருஷம் அவள் எதிரே உட்கார்ந்து சாப்பிட்ட மனுஷன். அளவெடுக்கிற காகிதத்தைக் கரண்டி பிடித்த கையாலேயே நீட்டினால் வேறு என்னதான் சொல்வான்?

அடுத்த திங்கட்கிழமை அந்த ஐந்து தாள்களும் என்னிடம் வந்தன. ஐந்தாவதில் பெயர் இல்லை, எல்., டி. என்று இரண்டு எழுத்து மட்டும். அந்தக் கடைசிப் பதிலுக்கு அருகில் நான் எழுதியது இது: 'மிகச் சிறப்பு. அறிக்கையில் அப்படியே சேர்க்கலாம்.' சேர்த்தேன்.

5

நாயை வைத்துத்தான் விஷயம் வெளியே வந்தது.

நவம்பர் கடைசியில் அவர்கள் வீட்டு நாய் ரூனோவை ஊசி போட மிலோய்கா கூட்டிப்போனாள். கால்நடை டாக்டர் அதைத் தராசில் ஏற்றிப் பார்த்துவிட்டு முறைத்தாள்.

"என்னம்மா குடுக்கறீங்க இதுக்கு? ஆறு கிலோ ஏறியிருக்கு. இது நாயா, திருவிழாவுக்கு வளர்க்கிற பன்னியா?"

"நான் ஒண்ணும் குடுக்கலியே. அதோட தீனி மட்டுந்தான்."

"அப்ப வீட்ல வேற யாரோ குடுக்கறாங்க. தட்டு தட்டா குடுக்கறாங்க."

மிலோய்கா வீட்டுக்கு வந்தாள். லுட்விக் தடித்த ஸ்வெட்டருக்கு மேல் இன்னொரு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தார். குளிர்காலம் என்று அதுவரை நினைத்திருந்தாள். அவளே இரண்டையும் கழற்றினாள். உள்ளே இருந்ததைப் பார்த்தபோது தன் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது, அதற்கு எந்த மொழியிலும் சொல் கிடையாது என்றாள். எலும்பு எலும்பாக இருந்தது. பதினாறு கிலோ போயிருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நல்ல மாதிரி மனிதர். குரலை உயர்த்தாமல், "இரண்டு மாசம் முன்னால வந்திருந்தீங்கன்னா" என்று ஆரம்பித்து, மிலோய்காவின் முகத்தைப் பார்த்து, வாக்கியத்தை முடிக்காமலே நிறுத்திவிட்டார். நானும் முடிக்கவில்லை. பல வரைவுகளில் முடித்துப் பார்த்தேன். 'பிழைத்திருப்பார்' என்று ஒரு தடவை, 'இதேதான் நடந்திருக்கும்' என்று ஒரு தடவை. இரண்டுமே எனக்கு வசதியாக இல்லை.

6

மாற்று முடிவுகள் சில இருக்கின்றன. எழுதி வைத்தேன், காட்டாமல் போக மனசில்லை.

(அ) யோட்டா வைத்த அந்தப் புதன்கிழமை மிலோய்கா பென்சிலைத் தேடி ஓடவில்லை. "கொஞ்ச நாளாவேன்னா எத்தனை நாளா?" என்று கேட்கிறாள். மறுநாள் டாக்டர். வயிற்றில் பாதியை வெட்டி எடுக்கிறார்கள். வசந்தத்தில் இருவரும் பிரானுக்குப் போய்க் கடலோரம் உட்கார்ந்து ஒரு மீனைப் பங்கிட்டுச் சாப்பிடுகிறார்கள். ஆறாவது கேள்வி மட்டும் மட்டமாகவே இருந்துவிடுகிறது.

(ஆ) திங்கட்கிழமை தாளைப் பார்த்ததும் நான் மிலோய்கா வீட்டுக்கு நடந்தே போகிறேன். "விதியை மீறிட்ட, இந்தத் தாள் செல்லாது" என்று சண்டை போடுகிறேன். அவள் என்னோடு பேசுவதை நிறுத்திவிடுகிறாள். ஆனால் யோசிக்கிறாள்.

(இ) லுட்விக் எப்படியும் சாகிறார். ஆனால் எல்லாருக்கும் தெரிந்து, எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கச் சாகிறார்.

மூன்றிலும் நான் நல்லவளாக இருக்கிறேன், கவனித்தீர்களா? முதலாவதில் நான் இல்லவே இல்லை. அதுதான் இருப்பதிலேயே நல்ல முடிவு.

7

தின்றது நாய் மட்டும் இல்லை.

அக்டோபர் முதல் வியாழக்கிழமை, மத்தியானம், ஆற்று ஊற்றுக்குப் பக்கத்துப் பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்தேன். லுட்விக் நாயோடு வந்தார். கையில் மூடி போட்ட டப்பா.

"ஆன்கா, எடுத்துக்கம்மா. ஷ்ட்ருக்லி. நாய்க்கு இதுக்கு மேல குடுத்தா வெடிச்சிரும்."

"மிலோய்கா திட்ட மாட்டாளா?"

"தெரிஞ்சாத்தானே. தட்டை வெச்சுட்டு எழுதப் போயிடுறா."

மாவுக்குள் பாலாடைக் கட்டியை வைத்துச் சுருட்டி வேகவைத்து, மேலே வெண்ணெயில் வறுத்த ரொட்டித் தூள். டப்பா இன்னும் சூடாக இருந்தது. எனக்குப் பெரிய பசி ஒன்றும் இல்லை. யாராவது கொடுத்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், அந்த அளவுதான். முழுசும் தின்றேன். அடுத்த வியாழனும் வந்தார். அதற்கடுத்த வியாழனும்.

மூன்றாவது வியாழக்கிழமை, நான் தின்பதைப் பார்த்துக்கொண்டே சொன்னார். மிலோய்கா அவரிடம் கேள்வி கேட்ட அதே வாரம்.

"எனக்கு எதுவும் இறங்கல. ஆகஸ்ட்லேருந்து. இங்க, இந்த எலும்புக்குக் கீழ, கல்லு வெச்ச மாதிரி இருக்கு."

"டாக்டர்கிட்ட போனீங்களா?"

"போனா இவளுக்குத் தெரிஞ்சிரும். அந்தப் பேப்பர் வேலை முடியட்டும். இவ்வளவு சந்தோஷமா அவளை நான் பாத்து எத்தனையோ வருஷமாச்சு. காலைல எழுந்திரிக்கும்போதே பாடுறா."

"அவகிட்ட சொல்லுங்க. நீங்க சொல்லலன்னா நான் சொல்வேன்."

லுட்விக் நாயின் காதைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"சொன்னேனே. எழுதி வெச்சுக்கிட்டா."

கோபமே இல்லாமல் சொன்னார். நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? டப்பாவைக் காலி செய்து, ஊற்றில் கழுவி, அவர் கையில் கொடுத்தேன். அடுத்த திங்கட்கிழமை அந்த ஐந்தாவது தாள் வந்தபோது, பத்துப் பதிலும் பொய் என்று அவரைத் தவிர உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் நான்தான். தெரிந்துதான் 'மிகச் சிறப்பு' என்று எழுதினேன். அதற்குப் பிறகும் ஐந்து வியாழக்கிழமைகள் வந்தன. ஐந்திலும் தின்றேன்.

காரணம் சொல்லாமல் தப்பிக்க முடியாது, சொல்கிறேன். என் புருஷன் போய்ப் பதினான்கு வருஷம். பள்ளிக்கூட கேன்டீன், வீட்டில் ரொட்டியும் சீஸும். சூடான சாப்பாட்டை ஒருவர் மூடி எடுத்துக்கொண்டு என்னைத் தேடி வருகிறார் என்பது எனக்குப் பிடித்திருந்தது. சொல்லிவிட்டால் டப்பா வராது. அவ்வளவுதான் விஷயம். ஒரு மனுஷன் செத்துக்கொண்டிருந்தார், நான் அவர் பங்கைத் தின்றுகொண்டிருந்தேன். என் பாவாடை இடுப்பில் இறுகியது. என்னைத் தராசில் ஏற்றிப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

8

இதைத் தமிழில் எழுதியதற்கு மொழிப்பற்று காரணம் என்று நினைத்திருப்பீர்கள். இல்லை. மிலோய்காவுக்குத் தமிழ் தெரியாது, அதனால்.

நேற்று அவள் என் வீட்டுக்கு வந்தாள். மேசைமேல் நோட்டு திறந்து கிடந்தது.

"இது என்ன, கொக்கி கொக்கியா? உங்க எழுத்தா? என்ன எழுதற?"

வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது இதுதான். "லுட்விக்கைப் பத்தி."

அந்தப் பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கெழமை மத்தியானம் வா. சூப் வெக்கறேன். அவன் போனதுலேருந்து ஞாயித்துக்கெழமை சூப்பே வெக்கல நான். வந்து எங்க மொழியில எனக்குப் படிச்சுக் காட்டு. ஒரு வரி விடக் கூடாது ஆன்கா. முப்பது வருஷம் இதே தொழில்ல இருந்தவ நான், நீ எங்க தாவற, எங்க மழுப்பறன்னு கண்டுபிடிச்சிருவேன்."

வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். ஏன் ஒருத்தர்கிட்டகூட சொல்லாம போனான்? நான் அப்படி என்ன பயங்கரமானவளா?"

பதில் என்னிடம் இருக்கிறது. அவர் சொல்லாமல் போகவில்லை. இரண்டு பேரிடம் சொன்னார். ஒருத்தி நான். இன்னொருத்தி அவள்.

ஏழாம் பகுதியையும் அதைக் காட்டிக்கொடுக்கிற வரிகளையும் விட்டுவிட்டுப் படித்தால், தான் நம்பத் தகாதவளாக இருந்தோம் என்று எண்ணியே அவள் மிச்ச வாழ்க்கையை ஓட்டுவாள். ஏழாம் பகுதியைப் படித்தால், நான் அவள் எதிரே உட்கார முடியாதவள் ஆகிவிடுவேன். அது எனக்குத் தகும். ஆனால் அதிலேயே 'எழுதி வெச்சுக்கிட்டா' என்ற சொல்லும் இருக்கிறது. அதை நான் ஸ்லோவேனியத்தில் சொல்லி முடிப்பதற்குள், அந்தப் புதன்கிழமை அவர் என்ன சொல்ல வந்தார் என்று அவளுக்கு முழுசாகப் புரிந்துவிடும். அதற்குப் பிறகு அவள் எப்படி ஒரு வாய் சாப்பிடுவாள்? அந்தச் சொல்லை மட்டும் வெட்டினால், லுட்விக் மனைவியை விட்டுவிட்டு என்னை நம்பினார் என்று ஆகும். அது எல்லாவற்றையும்விடப் பெரிய பொய்.

இன்றைக்குச் சனிக்கிழமை. இந்த மேசையில் முடிவு என்று எதுவும் எனக்கு வரவில்லை, நாளைக்குப் பன்னிரண்டரை மணிக்கு அவள் மேசையில் வந்தாக வேண்டும். எங்கே நிறுத்த வேண்டும் என்று நீங்கள் சொல்லுங்கள். என் கையில் விட்டால் நடப்பது எனக்கே தெரியும். முதல் பக்கத்திலேயே, என் பொய் வரும் இடத்துக்கு முன்னால் நோட்டை மூடி வைப்பேன். சூப் ஆறிடும், முதல்ல சாப்பிடலாம் என்பேன்.